புள்ளடியா, 1-2-3 ஆ? தரவரிசை வாக்கு பற்றி வாசகர் கேள்வி – பதில்

உள்ளூராட்சி, மாகாண சபைத் தேர்தல்களிலும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறையைக் கொண்டுவரலாமா என்று சென்ற இதழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தோம். ஹட்டனிலிருந்து அப்புத்தளை வரை பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

ஹட்டன், ஓய்வுபெற்ற ஆசிரியர்: 2024 ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம் எண்ணிக்கை என்றார்கள். எங்கள் பக்கத்தில் அநேகமானோர் 1 மட்டும் போட்டுவிட்டு வந்தார்கள். சிலர் புள்ளடி போட்டார்கள். அந்த 2, 3 க்கு உண்மையிலேயே வேலை இருந்ததா, ஐயா?

இருந்தது. அந்த வேலையைச் செய்ய விடாமல் நாமே தடுத்துக்கொண்டோம் என்பதுதான் வருத்தம்.

கணக்கைப் பாருங்கள். 2024 செப்டம்பர் 21 இல் செல்லுபடியான வாக்குகள் 1,33,19,616. அநுர குமார திசாநாயக்கவுக்கு 56,34,915, சஜித் பிரேமதாசவுக்கு 43,63,035. பாதிக்கு மேல் ஒருவருக்கும் இல்லை. 1982 முதல் நடந்த ஜனாதிபதித் தேர்தல்களில் இப்படி ஆனது இதுவே முதல் தடவை. சட்டப்படி முதல் இருவரைத் தவிர மற்ற அனைவரும் ஒரே அடியில் நீக்கப்பட்டார்கள். அந்த இருவரின் சீட்டுகளையும் தொடவில்லை. நீக்கப்பட்டவர்களுக்கு 1 இட்ட சீட்டுகளை மட்டும் மறுபடி பிரித்து, 2 யாருக்கு என்று பார்த்தார்கள். 2 அந்த இருவரில் ஒருவருக்கு இல்லையென்றால் 3 ஐப் பார்த்தார்கள்.

அப்படிப் பார்க்கப்பட்ட சீட்டுகள் 33,21,666. அவற்றில் அநுரவுக்குப் போனவை 1,05,264, சஜித்துக்குப் போனவை 1,67,867. கூட்டினால் 2,73,131. நூற்றுக்கு எட்டுச் சீட்டுதான் இறுதிப் போட்டிக்கு வந்து சேர்ந்தது. மீதி 30 லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள், யார் ஜனாதிபதி என்ற கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே நின்றுவிட்டன. வெறும் 1 இட்டவையும், தோற்ற வேறு வேட்பாளர்களுக்கே 2, 3 இட்டவையும் அதில் அடங்கும்.

இரண்டாம் எண்ணிக்கையின் முடிவு 57,40,179 க்கு 45,30,902. இருவருக்குள் இது 55.89 வீதம். ஆனால் முதலில் எண்ணிய மொத்தச் செல்லுபடியான வாக்குகளோடு ஒப்பிட்டால் வென்றவரின் பங்கு ஏறத்தாழ 43 வீதம்தான். தரவரிசை முறை பெரும்பான்மையைத் தானாக உண்டாக்கித் தருவதில்லை. வாக்காளர் எழுதிய அளவுக்குத்தான் அது கிடைக்கும்.

புள்ளடி போட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். ஜனாதிபதி வாக்குச்சீட்டில் ஒரே ஒரு புள்ளடி இருந்தால் அது 1 ஆகவே எடுக்கப்படும். ஆனால் அதோடு 2, 3 ஐக் கலந்தால் சீட்டு கெட்டுவிடும்.

கொட்டகலை, வாசகி: 2 போட்டால் என் 1 பலவீனப்படாதா? கட்சிக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

படாது. உங்கள் 1 ஆம் ஆள் போட்டியில் இருக்கும்வரை 2 ஐ யாரும் திருப்பியும் பார்க்கமாட்டார்கள். அவர் நீக்கப்பட்ட பிறகுதான் அது உயிர் பெறும். ‘எங்களுக்கு மட்டும் போடுங்கள், 2 ஐ விட்டுவிடுங்கள்’ என்று சொல்லும் கட்சி, தான் தோற்றால் உங்கள் வாக்கும் தன்னோடு சேர்ந்து முடியட்டும் என்கிறது. அதை அவர்களிடமே நேராகக் கேளுங்கள்.

தலவாக்கலை, தோட்டப் பாடசாலை உதவி ஆசிரியை: பொதுத் தேர்தலிலும் மூன்று விருப்பு வாக்கு இருக்கிறதே. அதுவும் இதுவும் ஒன்றுதானா?

பெயர்தான் ஒன்று. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் மலையகத்தில் பாதிக் குழப்பம்.

பொதுத் தேர்தலில் முதலில் கட்சிச் சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடி. பிறகு சீட்டின் கீழ்ப்பகுதியில் அந்தக் கட்சி வேட்பாளர்களின் இலக்கங்களில் மூன்று வரை புள்ளடி. அந்த மூன்றும் சம எடை. முதலாவது, இரண்டாவது என்ற வரிசை அங்கே கிடையாது. மூன்றும் ஒரே கட்சிக்குள்தான். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைச் சின்னத்துக்கு விழுந்த புள்ளடி தீர்மானிக்கும்; அந்த ஆசனத்தில் யார் உட்காருவது என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கும். ஒரே கட்சி வேட்பாளர்கள் ஒருவர் சுவரொட்டிமேல் மற்றவர் ஒட்டுவது இதனால்தான்.

தரவரிசை வாக்கில் எண் எழுதுகிறோம். வரிசைக்கு மதிப்பு உண்டு, கட்சி எல்லையைத் தாண்டலாம். உங்களிடம் இருப்பது ஒரே வாக்கு. அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகரும், பெருகாது.

எண் எழுதச் சொன்னால் எங்கள் மக்கள் தடுமாறுவார்கள் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். 2024 இல் இரண்டு தேர்தலும் இரண்டு மாத இடைவெளிக்குள் நடந்தன. 1-2-3 முறை இருந்த ஜனாதிபதித் தேர்தலில் நிராகரிக்கப்பட்டவை 3,00,300. சின்னமும் விருப்பு இலக்கமும் இருந்த பொதுத் தேர்தலில் 6,67,240. ஜனாதிபதித் தேர்தலில் ஒரு புள்ளடியே போதும் என்ற சலுகை இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எப்படியிருந்தாலும், மக்களுக்குத் தெரியாது என்ற வாதத்துக்கு இந்த எண்கள் துணை நிற்கவில்லை.

பண்டாரவளை, கடை உரிமையாளர்: எங்கள் பிரதேச சபை வட்டாரத்தில் இதைக் கொண்டுவந்தால் எண்ணுவது எப்படி? ஓர் உதாரணத்தோடு சொல்லுங்கள். இரவோடு இரவாக முடியுமா?

முடியும், ஆனால் இப்போதைய ஏற்பாட்டில் இரண்டு மாற்றம் தேவை. முதலில் உதாரணம். எண்களும் சின்னங்களும் கற்பனை.

ஒரு வட்டாரத்தில் செல்லுபடியான வாக்கு 1,800. கூடை 640, குடை 470, மணி 430, ஏணி 260. பாதிக்கு மேல் என்றால் 901 வேண்டும். யாருக்கும் இல்லை. ஆகக் குறைந்த ஏணி வெளியேறுகிறது. அந்த 260 சீட்டில் 2 ஐப் பார்த்தால் மணிக்கு 150, குடைக்கு 50, கூடைக்கு 20, வெறுமை 40. இப்போது கூடை 660, மணி 580, குடை 520. குடை வெளியேறுகிறது. அதன் 520 சீட்டில் மணிக்கு 270, கூடைக்கு 110, மேற்கொண்டு எதுவும் எழுதாதவை 140. முடிவில் மணி 850, கூடை 770, முடங்கிய சீட்டு, அதாவது அடுத்த விருப்பு இல்லாமல் நின்றுவிட்டவை, 40 உம் 140 உமாக 180. மணி வென்றது.

இதே சீட்டுகளை இன்றைய வட்டார முறையில் எண்ணினால் 640 எடுத்த கூடைக்கு வெற்றி. நூற்றுக்கு 64 பேர் வேறு யாருக்கோ போட்டிருந்தும் அதுதான் முடிவு. ஜனாதிபதித் தேர்தல் முறையில் எண்ணினால் முதல் எண்ணிக்கையோடே மணி வெளியே. கூடையும் குடையும் மட்டும் மிஞ்சும். ஆக, ‘தரவரிசை’ என்று சொல்வது மட்டும் போதாது. கீழிருந்து ஒவ்வொருவராக நீக்குவதா, முதல் இருவரைத் தவிர எல்லாரையும் ஒரேயடியாக நீக்குவதா என்று சட்டத்தில் எழுதியாக வேண்டும். ஒவ்வொருவராக நீக்குவதே சரி என்பது எங்கள் கருத்து. அது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. ஜனாதிபதி பதவி இடையில் வெறுமையானால் பாராளுமன்றம் ஒருவரைத் தெரிவு செய்ய 1981 இல் இயற்றிய சட்டம் அந்த முறையைத்தான் சொல்கிறது. 2022 ஜூலை 20 இல் உறுப்பினர்கள் அதன்படியே வாக்களித்தார்கள். ஒருவர் 134 வாக்கோடு முதல் சுற்றிலேயே பாதியைத் தாண்டிவிட்டதால் 2 ஐப் பார்க்கத் தேவை வரவில்லை.

இனி அந்த இரண்டு மாற்றம். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் அந்தந்த வாக்களிப்பு நிலையத்திலேயே எண்ணினார்கள். தரவரிசையில் அது போதாது. யாரை முதலில் நீக்குவது என்பது வட்டாரம் முழுவதன் கூட்டுத்தொகையைப் பார்த்தபின்தான் தெரியும். ஒரு நிலையத்தில் கடைசியாக வந்தவர் பக்கத்துத் தோட்டத்து நிலையத்தில் முதலாவதாக இருக்கலாம். ஆகவே முதல் விருப்பை நிலையத்திலேயே எண்ணி, கட்சி முகவர்களின் கையெழுத்தோடு தாளில் பதிந்து, சீட்டுகளை முத்திரையிட்டு வட்டாரத்தின் ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். மழை நாளில் மண்சரிவுப் பாதையில் பெட்டி வந்து சேர நேரமெடுக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும். சில ஆயிரம் சீட்டை மேசைமேல் குவியல் குவியலாக அடுக்கி மாற்றுவதற்குக் கணினி தேவையில்லை. 50 சீட்டுக்கு ஒரு கட்டு, வேட்பாளருக்கு ஒரு தட்டு, முடங்கிய சீட்டுக்குத் தனித் தட்டு. ஒவ்வொரு சுற்று முடிவிலும் எல்லாத் தட்டையும் கூட்டினால் அதே 1,800 வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த சுற்றுக்குப் போகக்கூடாது.

இரண்டாவது, பலர் கவனிக்காத சிக்கல். 2017 திருத்தத்தின்படி உள்ளூராட்சி ஆசனங்களில் 60 வீதம் வட்டாரத்துக்கு, 40 வீதம் விகிதாசாரத்துக்கு, அதாவது கட்சிகள் பெற்ற மொத்த வாக்கின் பங்குக்கு. வாக்காளர் போடும் அந்த ஒரே புள்ளடிதான் இரண்டையும் தீர்மானிக்கிறது. தரவரிசை வந்தால் விகிதாசாரக் கணக்குக்கு எந்தச் சுற்றை எடுப்பது? கடைசிச் சுற்றை எடுத்தால் ஏணியும் குடையும் இருந்த தடமே இல்லாமல் போகும். முதல் விருப்பை விகிதாசாரத்துக்கும், முழு வரிசையை வட்டார வெற்றியாளருக்கு மட்டும் பயன்படுத்துவதே நியாயம். இந்த ஒரு வரி சட்டமூலத்தில் தெளிவாக இல்லாவிட்டால் முதல் தேர்தலிலேயே வழக்கு வரும்.

நுவரெலியா, பல்கலைக்கழக மாணவன்: அமெரிக்காவில் சில மாநிலங்கள் இதை ஏற்கின்றன, சில தடை செய்கின்றன. ஏன்? அங்கே என்ன பிழைத்தது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் விழுந்த பள்ளத்தைப் பார்த்து நடப்பது நமக்கு இலவசப் பாடம்.

மெயின் மாநில மக்கள் 2016 இல் வாக்கெடுப்பில் ஏற்று, 2018 இல் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு அதன் இரண்டாம் காங்கிரஸ் தொகுதியில் ஜாரட் கோல்டன் முதல் சுற்றில் சுமார் 2,000 வாக்கு பின்தங்கியிருந்தார். மற்றவர்களின் 2 சேர்ந்தபின் சுமார் 3,500 வாக்கால் வென்றார். ஆனால் அதே மாநிலத்தில் ஆளுநருக்கும் மாநிலச் சட்டசபைக்கும் நடக்கும் பொதுத் தேர்தலில் இந்த முறை இல்லை. மாநில அரசமைப்பு ‘அதிக வாக்கு பெற்றவர்’ என்று சொல்வதால் இது அதோடு முரண்படும் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2017 இல் கருத்துச் சொன்னது. மக்கள் ஏற்றும், அரசமைப்பின் ஒரு சொல் குறுக்கே நின்றது.

அலாஸ்கா 2020 இல் ஏற்றது. 2022 ஓகஸ்டில் நடந்த இடைத்தேர்தலில் மூவர்: மேரி பெல்டோலா 75,799, சாரா பேலின் 58,973, நிக் பெகிச் 53,810. பெகிச் நீக்கப்பட்டார். அவருடைய சீட்டுகளில் 27,053 பேலினுக்கும் 15,467 பெல்டோலாவுக்கும் போயின, 11,290 முடங்கின. பெல்டோலா வென்றார். பேலினும் பெகிச்சும் ஒரே கட்சி. பிறகு சீட்டுகளை ஆராய்ந்தபோது, பெகிச்சைத் தனித்தனியாக மற்ற இருவரோடு மோதவிட்டிருந்தால் இருவரையுமே வென்றிருப்பார் என்று தெரிந்தது. எல்லாருக்கும் இரண்டாம் விருப்பாக இருப்பவர் முதல் விருப்பு குறைவால் சீக்கிரம் வெளியேறுவது இந்த முறையின் உண்மையான குறை. வெர்மொன்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் 2009 மேயர் தேர்தலிலும் இதுவே நடந்தது; அடுத்த ஆண்டே அந்த நகரம் முறையைக் கைவிட்டது, 2021 இல் நகர சபைக்கு மட்டும் திரும்ப எடுத்தது. இந்தக் குறையை மறைத்துவிட்டு இதற்கு ஆதரவு கேட்பது சரியல்ல.

நியூயோர்க் நகரில் 2021 மேயர் வேட்பாளர் தெரிவில் 5 வரை எண்ணிட்டார்கள். முறை பிழைக்கவில்லை, அலுவலகம் பிழைத்தது. பரீட்சார்த்தமாக ஓட்டிப் பார்த்த சுமார் 1,35,000 போலிச் சீட்டுகளைக் கணினியிலிருந்து அழிக்காமல் இடைக்காலப் பெறுபேற்றை வெளியிட்டுவிட்டு, அன்றே திரும்பப் பெற்றார்கள். கடைசி முடிவு 7,197 வாக்கு வித்தியாசம். அவ்வளவு நெருக்கமான போட்டியில் இப்படி ஒரு தவறு நடந்தால் மக்கள் முறையைத்தான் சந்தேகிப்பார்கள்.

கலிபோர்னியாவின் ஓக்லண்டில் 2022 பாடசாலைச் சபைத் தேர்தலில் வேறு மாதிரி. சிலர் சீட்டில் முதல் விருப்புக்கான இடத்தை வெறுமையாக விட்டு இரண்டாம் விருப்புக்கான இடத்தில் மட்டும் குறித்திருந்தார்கள். விதிப்படி அது 1 ஆக மேலே ஏற வேண்டும். மென்பொருள் அமைப்பில் அப்படி வைக்கவில்லை. பிழையானவர் வென்றதாக அத்தாட்சிப்படுத்தப்பட்டு, சரியாக எண்ணியபோது மூன்றாவதாக இருந்தவர் வென்றது தெரியவந்தது. வெறுமை விட்டால் என்ன, ஒரே எண்ணை இருவருக்கு இட்டால் என்ன, ஓர் எண்ணைத் தாண்டினால் என்ன என்ற மூன்றுக்கும் விடை சட்டத்திலேயே இருக்க வேண்டும் என்பது இதன் பாடம்.

2024 நவம்பரில் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஒரிகன் ஆகிய மாநிலங்களின் மக்கள் இதை மறுத்தார்கள், மிசூரி தடை செய்தது, வாஷிங்டன் டி.சி. ஏற்றது, அலாஸ்காவில் கைவிடும் முயற்சி சில நூறு வாக்கில் தோற்றது. கட்சித் தலைமைகளின் எதிர்ப்பு ஒரு காரணம். எண்ணி முடிக்க நாட்கணக்கில் எடுப்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது நமக்குப் பெரிதாகப் பொருந்தாது. அங்கே தபால் சீட்டுகள் நாட்கணக்கில் வந்துகொண்டிருக்கும். இங்கே எல்லாச் சீட்டும் தேர்தல் இரவே கையில் இருக்கும்.

புசல்லாவை, தொழிற்சங்க உறுப்பினர்: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். மலையகத் தமிழருக்கு இதனால் நன்மை உண்டா?

ஒரு வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் என்ற அமைப்பில் மட்டும் கொண்டுவந்தால் நன்மை சிறிது. பல உறுப்பினர் தொகுதியில் கொண்டுவந்தால் பெரிது. எங்கள் உறுதியான கருத்து இது.

ஒற்றை ஆசனத்தில் கிடைப்பது ஒன்றே: இரண்டு மூன்று மலையகக் கட்சிகள் தனித்தனியாக நின்று வாக்கைப் பிரித்து, மூன்றாம் ஆள் வென்றுவிடும் நிலை குறையும். மேலே சொன்ன உதாரணத்தில் மணியும் ஏணியும் அப்படி இரண்டு சங்கங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மற்றவருக்கு 2 கேட்டால் போதும். வேட்புமனு இரவில் யார் விலகுவது என்ற பேரம் தேவையில்லை. ஆனால் நாம் ஐந்தில் ஒரு பங்கினராகச் சிதறி வாழும் இடங்களில் எந்த ஒற்றை ஆசனமும் நமக்கு வராது, எப்படி எண்ணினாலும்.

பழைய வரலாறு இதற்குச் சாட்சி. 1947 இல் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றது. 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தமும் வாக்குரிமையைப் பறித்தன. 1952 இல் ஒன்றும் இல்லை. மறுபடி மக்கள் வாக்கால் ஒருவர் பாராளுமன்றம் போனது 1977 இல், நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியிலிருந்து. அது மூன்று உறுப்பினர் தொகுதி. ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்கு. மூன்றையும் ஒருவருக்கே போடலாம். சௌமியமூர்த்தி தொண்டமான் அங்கே மூன்றாம் உறுப்பினராக வந்தார். ஓர் ஆசனம் மட்டும் இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

பல உறுப்பினர் தொகுதியில் எண்ணிடும் முறை, அதாவது மாற்றத்தகு தனிவாக்கு, அந்த மூன்று வாக்கு முறையைவிடத் துல்லியமானது. ஐந்து உறுப்பினர், 12,000 செல்லுபடியான வாக்கு என்று வையுங்கள். ஆசனத்தோடு ஒன்றைக் கூட்டி வகுத்து, வந்ததோடு ஒன்றைக் கூட்ட வேண்டும்: 12,000 ஐ ஆறால் வகுத்தால் 2,000, கூட ஒன்று, 2,001. அதுதான் இலக்கு. ஐந்து பேரால் மட்டுமே அதை எட்ட முடியும், ஆறாவது ஆளுக்குச் சீட்டு மிஞ்சாது. அந்தப் பகுதி முழுவதும் நம் வாக்கு 2,500 என்றால், ஐந்து வட்டாரமாகப் பிரித்தால் வட்டாரத்துக்கு 500, ஒன்றும் கிடைக்காது. ஒரே தொகுதியாக வைத்து, நம்மவர் மூன்று பேர் நின்றாலும், வாக்காளர் மூவருக்கும் 1, 2, 3 இட்டால் கடைசியில் ஒருவரிடம் 2,001 க்கு மேல் சேரும். யாரும் யாருக்காகவும் விலகத் தேவையில்லை.

ஒருவர் இலக்குக்கு மேல் எடுத்தால் மிகுதி வீணாகாது. 2,601 எடுத்தவரிடம் மிகுதி 600. அவருடைய எல்லாச் சீட்டும் அடுத்த விருப்புக்கு 600 ஐ 2,601 ஆல் வகுத்த மதிப்பில், அதாவது சுமார் 0.23 வாக்காக நகரும். கை எண்ணிக்கையில் தடுமாற்றம் வரும் இடம் இதுதான். பின்னத்தை எத்தனை தசம இடம் வரை எடுப்பது என்று முன்பே எழுதி வைக்க வேண்டும்.

மசாசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரம் 1941 முதல் நகர சபைக்கு இதையே பயன்படுத்துகிறது. ஸ்கொட்லாந்தின் உள்ளூராட்சியில் 2007 முதல், பெரும்பாலும் மூன்று நான்கு உறுப்பினர் வட்டாரங்களாக. ஒரிகன் மாநிலம் முழுவதற்கும் 2024 இல் மறுத்த அதே நாளில், அதன் போர்ட்லண்ட் நகரம் நான்கு தொகுதி, தொகுதிக்கு மூன்று உறுப்பினர் என்று முதல் தடவையாக இந்த முறையில் தேர்தல் நடத்தியது. நம் பாராளுமன்றத்தின் பழைய மேற்சபையான செனற் சபைக்குப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்த 15 பேரும் இந்த முறையில்தான் தெரிவானார்கள்.

இப்போதைய 40 வீத விகிதாசாரம் சிதறிய வாக்குக்கு ஓரளவு ஆசனம் தருகிறது, உண்மை. ஆனால் அந்த ஆசனத்துக்கு யார் என்பதைப் பட்டியலிலிருந்து கட்சிச் செயலாளர் பெயரிடுகிறார். தோட்டத்து மக்கள் தம் ஆளைத் தாமே எண்ணிட்டு அனுப்புவதும், கொழும்பிலிருந்து ஒரு கடிதத்தில் பெயர் வருவதும் ஒன்றாகாது.

பதுளை, சட்டத்தரணி: மாகாண சபைக்கும் இதைக் கொண்டுவர என்ன சட்டத் திருத்தம் தேவை?

பாராளுமன்றத் தேர்தலின் விகிதாசார முறையும், ஜனாதிபதித் தேர்தலின் விருப்புத் தெரிவும் அரசமைப்பிலேயே இருக்கின்றன. அவற்றைத் தொட மூன்றில் இரண்டு தேவை. உள்ளூராட்சித் தேர்தல் முறை உள்ளூர் அதிகாரசபைகள் தேர்தல் கட்டளைச் சட்டத்தில், மாகாண சபை முறை 1988 இன் 2 ஆம் இலக்கச் சட்டத்தில். இரண்டையும் திருத்தியது பாராளுமன்றமே.

எங்கள் கவலை வேறு. 2017 இல் மாகாண சபைத் தேர்தலைத் தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றினார்கள். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. 2013 இல் மத்திய மாகாணமும் 2014 செப்டம்பரில் ஊவாவும் வாக்களித்தன. அதற்குப் பிறகு பத்தாண்டு கடந்தும் எந்த மாகாணத்திலும் தேர்தல் இல்லை. எனவே தரவரிசையை எழுதும் எந்தச் சட்டமூலத்திலும், ‘குறித்த நாளுக்குள் எல்லையும் விதிகளும் தயாராகாவிட்டால் முந்தைய முறையில் தேர்தல் நடக்கும்’ என்ற பிரிவு இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத சட்டமூலத்தை, எவ்வளவு நல்ல முறையைக் கொண்டுவந்தாலும், நாங்கள் ஆதரிக்கமாட்டோம். முதலில் ஒரு நகர சபையிலோ பிரதேச சபையிலோ நடத்திப் பார்த்து, பிறகு மாகாணத்துக்குப் போவது நிதானமான வழி.

மஸ்கெலியா, வாசகி: எங்கள் அம்மாயிக்கு எழுத்து தெரியாது. சின்னம் பார்த்துப் புள்ளடி போடுவார். அவருக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

கட்சியும் வேட்பாளரும் இல்லாமல் தொடங்குங்கள். ஒரு தாளில் நான்கு படம் வரையுங்கள்: ரொட்டி, புட்டு, இடியப்பம், தோசை. பக்கத்தில் கட்டம். ‘காலையில எது வேணும் அம்மாயி?’ என்று கேட்டு அதற்கு 1 போடச் சொல்லுங்கள். ‘கடையில ரொட்டி முடிஞ்சிருச்சு, அப்ப எது?’ அது 2. ‘அதுவும் இல்லைன்னா?’ அது 3. இவ்வளவுதான் தரவரிசை வாக்கு. லயத்தில் பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து எல்லாருடைய தாளையும் வாங்கி, குறைந்ததை நீக்கி, அவர்கள் கண்முன்னே குவியலை மாற்றிக் காட்டினால் அரை மணிக்குள் விளங்கிவிடும்.

தாள்களைப் பார்க்கும்போது மூன்று பிழையைத் தேடுங்கள். இரண்டு இடத்தில் 1, இது நிராகரிக்கப்படும். 1 இல்லாமல் 2 மட்டும், இதுவும் போகும். புள்ளடியும் எண்ணும் கலந்தது. வயதானவர்களிடம் அதிகம் வருவது இதுதான், ஏனென்றால் கை பழக்கத்தில் முதலில் புள்ளடி போட்டுவிடும், பிறகுதான் 2 நினைவுக்கு வரும். அம்மாயிக்கு அந்தப் பழக்கம் போகவில்லை என்றால் ஜனாதிபதித் தேர்தலில் ஒரே ஒரு புள்ளடியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். எண் எழுத வருகிறது என்றால் வீட்டிலேயே ஏழெட்டுத் தாள் பழக்கிவிட்டு அனுப்புங்கள். 1 ஐக் கடைசியில் அல்ல, முதலில் எழுதப் பழக்குங்கள்.